தெரியாத சொல் போடாத மனிதர்

என் மூத்த பேரன் சந்திரன் மதுரையில் இன்டர்மீடியட் முதல் தடவையிலேயே தேறி, இப்போது பி.ஏ. படிக்கிறான். அவன் தங்கை கோமதி எட்டாவது முடித்து ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன முதல் பெண் அவள்தான். அடுத்தவன் தங்கராசு பஸ் கம்பெனியில் என்ஜின் கழற்றி மாட்டப் பழகுகிறான். சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறான் என்று மேஸ்திரி என்னிடமே சொன்னார். கடைக்குட்டி வீரு ஓட்டப் பந்தயத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம் வாங்கினான். கம்பத்திலிருக்கும் என் தங்கைக்கு இதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தபோது, பருத்தி வண்டி ஓட்டும் வெள்ளைச்சாமி தேவதானப்பட்டியில் எங்கள் வாசலில் வந்து நின்றார். வண்டியைக் காணோம். பஸ்ஸில் வந்திருக்கிறார்.

“எழுதுறத வையிங்க ஆத்தா. தேனி ஐயா போயிட்டாக” என்றார்.

“எங்க?” என்று கேட்ட பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

என் கணவருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தனார், தேனியில் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் பருத்தி ஜின்னில் எடைக் குமாஸ்தா சுருளிவேல் அன்று காலை காலமாகிவிட்டார். வேலைக்குப் போகச் சட்டை மாட்டியவர், பித்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டாராம். ஐம்பத்தெட்டு வயது. ஒருவரையும் தொந்தரவு செய்யவில்லை.

இந்தப் பத்திரிகையின் பழைய வாசகர்களுக்குச் சுருளிவேல் என்ற பெயர் தெரிந்திருக்காது. ‘பஞ்சுமூட்டை’ என்றால் தெரியும். உலகச் சண்டைக்கு முன்பு இதே பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்துக் கட்டம் போட்டவர் அவர்தான். அவரைப் பற்றி எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்பு. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவர் அரைக்கால் சட்டை போட்ட பையன். எட்டாவது முடித்ததும் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போனார். ஆறு வருஷம் மலைமேல் இருந்தார். மலையாளம் எழுதவும் பேசவும் கற்றுக்கொண்டார். கூடவே மலைக் காய்ச்சலையும் வாங்கிக்கொண்டு இறங்கினார். காய்ச்சல் தெளிந்ததும் தேனியில் ஜின்னில் சேர்ந்தார். கடைசிவரை அங்கேதான். பருத்தி வண்டிகள் வரிசையில் நிற்க, தராசுக் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்து சீட்டு எழுதுவது அவர் வேலை. எடையில் யாரும் அவரைக் குறை சொல்லிக் கேட்டதில்லை.

ஜின் மானேஜருக்கு இங்கிலீஷ் பத்திரிகை வரும். படித்து முடித்துக் கீழே போடும் காகிதத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் இருப்பதைக் கொழுந்தனார் பார்த்து, இது என்ன என்று அவரிடமே கேட்டிருக்கிறார். மானேஜர் பொறுமையாக விளக்கினாராம். அன்றைக்கே சீட்டுக்குப் பின்பக்கத்தில் தமிழில் ஒரு கட்டம் வரைந்துவிட்டார்.

அந்த வாரம் ஒரு வளைகாப்புக்காக நான் தேனிக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறிக்கொண்டே கேட்டார்.

“மதினி, தலை மாறிய இரும்பு இனிக்கும். நாலெழுத்து. என்ன?”

“இரும்பு எப்படித் தம்பி இனிக்கும்? கொல்லம்பட்டறையில போய்க் கேளுங்க.”

“தலைய மாத்திப் பாருங்க மதினி. முதல் எழுத்துத்தான் தலை.”

இலையில் கை வைத்தபடியே இ-யை எடுத்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாக வைத்துப் பார்த்தேன். அரும்பு வந்தது, இனிக்கவில்லை. அடுத்து கரும்பு வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்து இலைக்காரி, “பாயசம் வர்றதுக்குள்ள என்னடி இனிப்பு?” என்று கேட்டாள்.

அர்த்தத்தை மட்டும் கேட்பது ஒரு வகை. அதை அகராதி பார்த்து எழுதிவிடலாம். இவர் போட்டது வேறு வகை. ஒரு குறிப்புக்குள் இரண்டு வழி இருக்கும். ஒரு வழி பொருளைச் சொல்லும். இன்னொரு வழி எழுத்தைச் சொல்லும். இரண்டு வழியாகப் போனாலும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். ‘வாயும் உண்டு, காலும் உண்டு, தலை இல்லை; வயல் வயலாய்ப் போகும்’ என்று போட்டார். வாய்க்கால். ‘அவரைக் கூப்பிட்டால் வரமாட்டார், குழம்பில் கிடப்பார்’ என்று போட்டார். எந்தப் பெரிய மனிதர் குழம்பில் விழுந்தார் என்று இரண்டு நாள் தேடினேன். கொல்லைப் பந்தலில் அவரை பறிக்கும்போதுதான் பிடிபட்டது.

‘குழம்பிய நகரம், பாவிகள் போகும் ஊர்’ என்று ஒரு மாதம் வந்தது. எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் நகரம் நரகமாகும். அல்லிநகரத்துக்காரர் ஒருவர் ஜின்னுக்கே வந்துவிட்டார். “எங்க ஊரைத்தான் சொல்றீகளா?” என்று சண்டைக்கு நின்றார். இவர் நிதானமாக, “உங்க ஊருல அல்லி இருக்குல்ல, அது காப்பாத்தும்” என்றாராம். வந்தவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

இந்தப் பத்திரிகையில் அவருக்குப் பக்கம் கொடுத்தபோது, மதுரையில் ஒரு தமிழ்ப் பண்டிதர் எதிர்த்தார். தராசு பிடிக்கிற குமாஸ்தாவுக்குத் தமிழில் என்ன தெரியும் என்பது அவர் பேச்சு. கொழுந்தனார் முதல் கட்டத்துக்கு மேலேயே இப்படி அச்சிடச் சொன்னார்: “இதில் நம் வீடுகளிலும் வயல்களிலும் புழங்காத சொல் ஒன்றுகூட வராது. வந்தால் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர் செய்த ஏற்பாடு நான்தான்.

ஒவ்வொரு குறிப்பையும் ஜின் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பும் வெள்ளைச்சாமியிடம் கொடுத்தனுப்புவார். மூன்று நாளில் வண்டி மறுபடி தேனிக்குப் போகும். அதற்குள் விடையை எழுத வேண்டும். விடை மட்டும் போதாது, எந்த இடத்தில் தடுக்கியது, எப்படி எழுந்தேன் என்றும் எழுத வேண்டும். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று ஒரே வார்த்தை. அப்படி எழுதினால் அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

“ஏன் தம்பி, எனக்குத் தெரியலேங்கிறதுக்காக நல்ல குறிப்பக் கிழிக்கணுமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நீக அஞ்சாப்பு மதினி. உங்களுக்குத் தெரியலேன்னா, இந்தப் பள்ளத்தாக்குல பாதிப் பேருக்குத் தெரியாது. அவுகளும் காசு கொடுத்துத்தான பத்திரிகை வாங்குறாக? ஒளிச்சு வைக்கலாம் மதினி. இல்லாத எடத்துல தேட விடக் கூடாது.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றதை ஒரு தகுதியாகச் சொன்ன மனிதர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

வெள்ளைச்சாமிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் சீட்டைக் கொடுத்துவிட்டு நகரமாட்டார். வாசித்துக் காட்ட வேண்டும். மாட்டைத் தட்டிக்கொண்டே காதில் விழுந்ததை முணுமுணுத்துப் பார்ப்பார். பல தடவை எனக்கு முன்பே விடை சொல்லியிருக்கிறார். ஜின் வாசலில் வண்டிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரே பத்திரிகை வாங்குவார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க, எடைக்குக் காத்திருக்கும் நேரத்தில் கட்டம் நிரம்பும். மூன்று வருஷம் போல இப்படி நடந்தது. ஒரு வாசகராவது சொல் தெரியவில்லை என்று எழுதியதில்லை.

இனி எழுதப்போவதை இதுவரை எழுதியதில்லை.

ஒரு கோடை விடுமுறைக்குச் சந்திரன் மதுரையிலிருந்து வந்திருந்தான். ஹைஸ்கூலில் சேர்ந்த முதல் வருஷம். அவனைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவன் மார்க்கைச் சொன்னேன். கூடவே, பத்திரிகையில் வரும் கட்டம் என்னைக் கேட்டுத்தான் அச்சாகிறது என்றும் சொன்னேன். அந்த வாரம் வந்த சீட்டில் இப்படி இருந்தது: ‘தலை மாறிய பஞ்சு, காலையில் மலைமேல் கிடக்கும். மூன்றெழுத்து.’

பஞ்சின் தலையை மாற்றினேன். குஞ்சு வந்தது, மலைமேல் கிடக்குமா என்று தெரியவில்லை. நஞ்சு வந்தது, யார் கொண்டுபோய் வைத்தார்கள்? காலையில் மலைமேல் கிடப்பது பனி, மூட்டம். இரண்டுமே கட்டத்தில் உட்காரவில்லை. வெள்ளைச்சாமியும் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, “இதுல ஏதோ ஆப்பு இருக்கு ஆத்தா, தெரியலேன்னு எழுதிருங்க” என்றார்.

எழுதியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை வண்டி வாசலில் நிற்கிறது; சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சந்திரன் எட்டிப் பார்த்தான்.

“என்ன அப்பத்தா, உங்ககிட்ட கேட்டுத்தான் போடுறாகன்னு ஊரெல்லாம் சொன்னீக. இது தெரியலியா? மஞ்சு. மேகம்னு அர்த்தம். செய்யுள்ல வருமே.”

ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். எனக்குப் பெருமையும் வெட்கமும் ஒரே நேரத்தில் வந்தன. நாங்கள் மஞ்சுவிரட்டு என்போம். அங்கே விரட்டுவது மாட்டை. மேகத்தை மஞ்சு என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. இருந்தாலும் பேரன் முன்னால் ‘தெரியவில்லை’ என்று எழுதக் கை வரவில்லை. ‘மஞ்சு’ என்று மட்டும் அழகாக எழுதி மடித்துக் கொடுத்தேன். வெள்ளைச்சாமி, “என்ன ஆத்தா போட்டீக?” என்று கேட்டார். “நேரமாச்சு, மாட்டைப் பத்துங்க” என்றேன்.

கட்டம் அச்சாகி வந்தது. பத்து நாளில் கார்டுகளும் வந்தன. சின்னமனூரிலிருந்து, உத்தமபாளையத்திலிருந்து, போடியிலிருந்து. பெரும்பாலோர் குஞ்சு என்று எழுதியிருந்தார்கள். ஒரு பலசரக்குக் கடைக்காரர் கேட்டிருந்தார்: “பனிக்கு இரண்டு கட்டம் போதும், மூட்டத்துக்கு நான்கு வேண்டும். மூன்று கட்டத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?” ஜின் வாசலில் வண்டிக்காரர்கள் பேசியதுதான் கொழுந்தனாருக்கு அதிகம் உறைத்திருக்கும். “இம்புட்டு நாளும் எங்களுக்குப் போட்டீக. இப்பப் படிச்சவுகளுக்குப் போட ஆரம்பிச்சிட்டீகளோ?” என்று ஒருவர் தராசுக்கு முன்னாலேயே கேட்டாராம். அந்த மாதம் அவர்கள் பத்திரிகை வாங்கவில்லை. மதுரைப் பண்டிதருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அடுத்த இதழில் கட்டம் இல்லை. அந்த இடத்தில் நான்கு வரி இருந்தது. “சென்ற இதழில் பலருக்கும் பழக்கமில்லாத ஒரு சொல்லைப் போட்டுவிட்டேன். வழக்கத்துக்கு மாறாக யாரிடமும் காட்டிச் சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு. சொன்னபடி இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும். — பஞ்சுமூட்டை.”

அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறித் தேனிக்குப் போனேன். தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை.

தராசுக் கொட்டகையில் வண்டி எதுவும் இல்லை. முக்காலியிலிருந்து எழுந்து, “வாங்க மதினி, அங்கன வெயிலு, இங்கன உக்காருங்க” என்று முக்காலியை எனக்குப் போட்டார். நான் உட்காரவில்லை.

“தம்பி, அந்தச் சொல்லு எனக்குத் தெரியாது. சந்திரன் சொன்னான். நான் எழுதிக் கொடுத்துட்டேன்.”

“தெரியும் மதினி.”

“எப்படித் தெரியும்?”

“எப்பவும் எங்க தடுக்குச்சு, எப்படி எந்திரிச்சேன்னு ஒரு முழத்துக்கு எழுதுவீக. அன்னைக்கு விடை மட்டும் இருந்துச்சு. எழுத்தும் ரொம்ப அழகா இருந்துச்சு.”

“அப்ப ஏன் தம்பி அனுப்புனீக?”

தராசுக் கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “குமுளியில தெனம் காலையில கேட்ட சொல்லு மதினி. கடை திறக்கையில மஞ்சு மஞ்சுன்னுதான் பேசுவாக. அது மலையாளம்னே எனக்கு மறந்துபோச்சு. இங்கனயும் சொல்லுவாகன்னு நெனச்சுப்புட்டேன். பஞ்சுக்கு மஞ்சு. எனக்கு ஆசையாவும் இருந்துச்சு. உங்க சீட்டப் பாத்துச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டும் அனுப்புனேன். அது உங்க தப்பு இல்ல.”

“யாருகிட்டயும் காட்டலன்னு எழுதியிருக்கீகளே. அது பொய்யில்லையா? நான் ஆசிரியருக்கு எழுதுறேன்.”

“வேண்டாம் மதினி. அந்த வரி இருந்துட்டுப் போகட்டும். நான் இருக்க மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீக. பேரப்பிள்ளைக முன்னால உங்களுக்கு ஒரு மரியாதை இருக்கு.”

பிறகு எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, கண்டக்டரிடம் சொல்லி முன் சீட்டில் உட்காரவைத்து அனுப்பினார். என் கணவரிடம் அவரும் சொல்லவில்லை. நானும் அவர் பேச்சை இத்தனை வருஷம் காப்பாற்றினேன். இப்போது அவர் இல்லை. ஆகையால் சொல்கிறேன்: இந்தப் பத்திரிகையில் அவர் பெயரில் வந்த வரிகளில் அந்த ஒரு வரிதான் உண்மையில்லை. அவர் காட்டினார். நான்தான் தெரிந்ததாக எழுதினேன்.

பக்கம் பண்டிதர் கைக்குப் போனது. அதில் வந்த சொற்களை நான் சொல்ல வரவில்லை. சில மாதம் கழித்து வெள்ளைச்சாமி மறுபடியும் ஒரு சீட்டுக் கொண்டுவந்தார். பத்திரிகைக்கு இல்லை. ஜின் கிடங்கின் வெளிச்சுவரில் கொழுந்தனார் வெள்ளிக்கிழமைதோறும் கரிக்கட்டியால் கட்டம் வரையத் தொடங்கியிருந்தார். கோபித்துக்கொண்டு போன வண்டிக்காரர்களுக்காகத்தான். முதல் வெள்ளிக்கிழமை சுவரில் கட்டம் போடாமல், பஞ்சு எப்படி மஞ்சு ஆகும், அந்தச் சொல்லை எங்கே கேட்டார் என்று அவர்களை உட்காரவைத்துச் சொன்னாராம். “அடப் பாவமே, இதைத்தான் மறைச்சு வச்சீகளா?” என்று அவர்களே சிரித்துவிட்டார்கள்.

அதன்பிறகு சண்டை வந்தது. போடி ரயில் போகும் தண்டவாளத்தைச் சண்டைக்கென்று பெயர்த்துக்கொண்டு போனார்கள்; காகிதத் தட்டுப்பாடு வந்து பத்திரிகையே மெலிந்தது. சுவர்க் கட்டம் மட்டும் நிற்கவில்லை. மழை வந்து அழித்தால் மறுநாள் திரும்ப வரைவார். சீட்டுகள் எனக்கு வந்துகொண்டேயிருந்தன. தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியவில்லை என்றும் எழுதினேன். ‘தெரியவில்லை’ என்று நான் எழுதும் சீட்டுகளைப் பார்த்தால் அவருக்கு ஒரு சந்தோஷம் என்று வெள்ளைச்சாமி சொல்வார். எதற்கு என்று வெள்ளைச்சாமிக்குத் தெரியாது.

கொழுந்தனாரின் ஒரே மகள் செண்பகம் லோயர் கேம்பில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வந்து சேர இரவாகிவிட்டதால் மறுநாள் காலையில் எடுத்தார்கள். நாங்கள் பெண்கள் தெரு முனை வரைக்கும் போய் நின்றோம். ஜின்னில் அரை மணி நேரம் எந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். வண்டிக்காரர்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்து நின்றார்கள். எதிரில் மலையே தெரியவில்லை. பாடைக்குத் தோள் கொடுக்க நின்ற வெள்ளைச்சாமி அந்தப் பக்கம் பார்த்தார்.

“மஞ்சு எறங்கிக் கெடக்கு. செத்த வெலகட்டும், பாதை தெரியட்டும். அப்புறம் தூக்குவோம்” என்றார்.

சரி என்று எல்லாரும் காத்திருந்தார்கள். யாரும் அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை.

ஆசிரியர் கொழுந்தனாருடைய படம் ஒன்று கேட்டிருக்கிறார். குமுளியில் இருபது வயதில் எடுத்தது ஒன்றுதான் உண்டு; காய்ச்சல்காரன் போல இருக்கிறார், அதை அச்சில் போட வேண்டாம். செண்பகம், உன் நெற்றியும் மூக்கும் அப்படியே உன் அப்பா. அழுது முடித்ததும் தேனிக்கு வந்து, உன் பிள்ளையை மடியில் வைத்து, புதிதாக ஒரு படம் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்பு. பிள்ளையைச் சிரிக்கச் சொல்ல வேண்டாம், தானாக இருக்கட்டும்.

இதை எழுதி முடிக்கும்போது சந்திரன் வீட்டில்தான் இருந்தான். மைக் கறையைப் பார்த்துவிட்டு, “கொடுங்க அப்பத்தா, திருத்திக் கொடுக்கிறேன்” என்று கை நீட்டினான். வேண்டாம் என்று நானே மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இதில் பிழை இருந்தால் அது என்னுடையதுதான். போய் வாருங்கள், தம்பி.